திசை சொல்லும் கண்ணாடி

கடலூர்வாசிகளுக்கும் சிதம்பரம்வாசிகளுக்கும் ஜலம் புதிய வஸ்து அன்று. பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று இத்தனை நதிகள் நமது ஜில்லாவின் கரையைத் தேடி வந்து கடலில் கலக்கின்றன. மாலை வேளையில் தேவனாம்பட்டினத்து மணலில் பாதி ஊர் கூடிவிடுகிறது. பிச்சாவரத்துத் தோணியில் ஏறியிராத பள்ளிக்கூடப் பிள்ளையைக் காண்பது அபூர்வம். ஆயினும், கரையில் நின்று கடலைப் பார்ப்பது வேறு. கடலில் இருந்துகொண்டு கரையைப் பார்ப்பது வேறு. முன்னது பொழுதுபோக்கு. பின்னது சில சமயங்களில் வீடு திரும்புவதா இல்லையா என்ற விஷயமாகி விடுகிறது.

இப்போது சிலர் சொந்தத்தில் சிறு ஃபைபர் படகு வைத்துக்கொண்டு கடலில் உலாவி வருகிறார்கள். தூண்டில் போட ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரின் கடல் உயிரியல் நிலையம் இருப்பதால், கடல்வாழ் பிராணிகளைப் படிக்கும் மாணவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இப்படிப்பட்ட குடும்பங்களில், “திசைகாட்டி உள்ளேயே வைத்த பைனாகுலர் ஒன்று வாங்கலாமென்றிருக்கிறோம். எது நல்லது?” என்ற கேள்வி பிறக்கிறது. கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திராமல், “இருபது மடங்கு பெரிதாகக் காட்டுவது இருக்கிறதாமே!” என்று தாமே சொல்லியும் விடுகிறார்.

நமது அபிப்பிராயத்தில் அந்த இருபது மடங்குதான் முதல் எதிரி. கண்ணாடியைக் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நமது கடலையும் நமது கரையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எந்த முடிவுக்கு வரலாம் என்பதைக் கீழே சொல்லுகிறோம்.

மடங்கு மோகம்

பைனாகுலரின் மேல் 7×50 என்றோ 10×50 என்றோ பொறித்திருப்பார்கள். முதல் எண், பொருள் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைச் சொல்லுவது. இரண்டாவது எண், முன்புறக் கண்ணாடியின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்பது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைக்கும் ஈவுதான் மிகவும் முக்கியமானது. கண்ணருகே வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 7×50-ல் சற்றேறக்குறைய 7 மில்லிமீட்டர், 10×50-ல் 5, 20×50-ல் வெறும் இரண்டரை.

மனிதக் கண்ணின் பாவை இருட்டில் விரியும்போது, வாலிபர்களுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரையில் விரியும். வயது ஏற ஏற அது 5 வரை குறைந்துவிடும். ஆகவே அந்தி வேளையில் 7×50 கண்ணாடி, விரிந்த பாவை முழுவதற்கும் வேண்டிய வெளிச்சத்தைக் கொண்டுவந்து ஊற்றுகிறது. இருபது மடங்குக் கண்ணாடியோ பெரிய பாத்திரத்தில் சிறிய கரண்டியால் ஊற்றுவதுபோல் ஊற்றுகிறது. “எமக்கு ஐம்பது வயது. பாவை 5 மில்லிமீட்டருக்கு மேல் விரியாதே!” என்று யாரேனும் ஆட்சேபிக்கலாம். வாஸ்தவம். ஆனால் படகு ஆடும்போது கண்ணும் கண்ணாடியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே இருக்கும். ஒளிக்கற்றை அகலமாக இருந்தால், சற்று விலகினாலும் காட்சி இருண்டு போவதில்லை.

ஆட்டம் என்று சொன்னோமே, அது இன்னொரு காரணம். பொருளைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி கையின் நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்குகிறது. சிறு படகிலிருந்து இருபது மடங்குக் கண்ணாடியில் கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பவருக்குக் கலங்கரை விளக்கம் தெரியாது. ஒரு வெள்ளைக் கோடு மேலும் கீழும் நர்த்தனம் செய்வதே தெரியும். ஆட்டத்தைத் தாமே சமன் செய்துகொள்ளும் மின்சாரக் கண்ணாடிகளும் வந்திருக்கின்றன. அவை நல்லவையே, ஆனால் விலை அதிகம், பாட்டரியும் வேண்டும். சாதாரண கடற்படகுக்கு 7×50 என்று உலகெங்கும் மாலுமிகள் ஏகமனதாகத் தீர்மானித்திருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

நமது கரைக்கு இந்தத் தீர்மானம் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. நம்முடைய கடல் கிழக்கே இருக்கிறது. மாலையில் திரும்பும் படகு மேற்கு முகமாக, அஸ்தமிக்கும் சூரியனை எதிர்த்துக்கொண்டு வருகிறது. கரையிலுள்ள சகலமும் கறுத்து ஒரே கோடாகத் தெரிகிறது. சூரியன் மறைந்தாலோ, நமது பிரதேசத்தில் அந்தி வெளிச்சம் அதிக நேரம் நிற்பதில்லை; இருபது, இருபத்தைந்து நிமிஷங்களில் இருட்டிவிடும். அந்தச் சொற்ப நேரத்தில், கெடிலமும் பரவனாறும் கூடிக் கடலில் விழும் முகத்துவாரம் எது, மணல் திட்டின் மேல் நுரைத்து உடையும் அலை எது என்று பிரித்தறிய வேண்டும். அந்த இடத்தில் உதவுவது வெளிச்சம், பருமன் அன்று.

கோபுரமும் பூமியின் முதுகும்

மடங்கு மோகத்துக்கு மருந்தாக இன்னொரு கணக்கையும் சொல்லுகிறோம். பழைய காலத்து ஆங்கிலேயக் கடல்வழி நூல்களில் சிதம்பரத்துக் கோபுரங்கள் கப்பல்காரர்களுக்குரிய அடையாளமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. நமது கரை தாழ்ந்த கரை. கடலூருக்கு மேற்கேயுள்ள கேப்பர் மலையைத் தவிர மேடு என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. அதுவும் பெயரளவில்தான் மலை. ஆகையால் ஏழு நிலைகளோடு 40 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோபுரங்கள் நாலும், பக்தர்களுக்கு வழிகாட்டியதுபோலவே மாலுமிகளுக்கும் வழிகாட்டின.

ஒரு கோபுரம் எவ்வளவு தூரம் வரை தெரியும்? உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.85-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும். 40 மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோமீட்டர். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் ஜலமட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அதற்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஆக மொத்தம் 29 கிலோமீட்டர். சிதம்பரம் கடற்கரையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 13 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால், கரைக்கு வெளியே 16 கிலோமீட்டர் வரையில் கணக்குப்படி கோபுரத்தின் உச்சி தெரிய வேண்டும். வானத்தின் மங்கலும் இடையிலுள்ள மரங்களும் இந்த எண்ணிக்கையைக் குறைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

இந்த எல்லைக்கு அப்பால் போய்விட்டால், நூறு மடங்குக் கண்ணாடி வைத்துக்கொண்டாலும் கலசம் தெரியாது. பூமியின் முதுகு குறுக்கே நிற்கிறது. கண்ணாடியை மாற்றுவதைவிட, படகில் எழுந்து நின்று பார்ப்பது அதிகப் பயன் தரும்! ஆடும் படகில் எழுந்து நிற்காமலிருப்பது அதைவிட அதிகப் பயன் தரும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிறோம்.

உள்ளே இருக்கும் திசைகாட்டி

இந்தக் கண்ணாடிகளில் ஒரு குழலின் அடியில் சிறு புடைப்பு ஒன்று இருக்கும். அதற்குள் எண்ணெயில் மிதக்கும் வட்டத் தகடும் காந்தமும் இருக்கின்றன. பொருளைப் பார்க்கும்போதே, காட்சியின் கீழ்ப்புறத்தில் அந்தப் பொருள் வடக்கிலிருந்து எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்ற எண் தெரியும். இரவில் படிப்பதற்குச் சிறு விளக்கும் உண்டு.

நமது மீனவர்கள் திசைகாட்டி இல்லாமலேயே இந்தக் காரியத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். கரையில் ஒரு கோயிலையும் அதன் பின்னாலிருக்கும் ஒரு பனைமரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வேறொரு பக்கத்தில் மற்றும் இரண்டு அடையாளங்களை அவ்விதமே சேர்த்துப் பார்ப்பார்கள். இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்ளுகின்றனவோ அங்கே தங்கள் படகு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுவார்கள். சென்ற வாரம் மீன் கிடைத்த அதே பாறையின் மேல் இந்த வாரமும் வலை போடுவது இப்படித்தான். ஒரே கோட்டில் அகப்படும் ஜோடி அடையாளங்கள் இல்லாத இடத்திலும் அதே வேலையைச் செய்வதற்காக ஏற்பட்டதுதான் திசைகாட்டிக் கண்ணாடி.

உதாரணமாக, கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே கரையைவிட்டு வெளியே இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடலூர்க் கலங்கரை விளக்கம் 310 டிகிரியில் தெரிகிறது. பரங்கிப்பேட்டைக்கு அருகேயுள்ள அனல்மின் நிலையத்தின் நெடிய புகைபோக்கி 230 டிகிரியில் தெரிகிறது. கடற்படத்தில் இவ்விரண்டு இடங்களிலிருந்தும் அந்தந்த டிகிரிக்கு எதிர்த்திசையில் கோடு இழுத்தால், கோடுகள் சந்திக்கும் புள்ளி நாம் இருக்கும் இடம். இரு கோடுகளுக்கும் இடையே 90 டிகிரிக்குச் சமீபமான கோணம் இருப்பது உத்தமம். 30 டிகிரிக்குக் குறைந்தால் புள்ளி நம்பத்தக்கதல்ல.

பிழை எவ்வளவு வரும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் 10 கிலோமீட்டர் தூரத்தில் 175 மீட்டர் பிசகு உண்டாகும். ஆடும் படகில் இரண்டு டிகிரி பிசகுவது சகஜம். ஆகவே நாம் குறித்த புள்ளியை ஒரு புள்ளியாக எண்ணாமல், அரைக் கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டமாக எண்ணிக்கொள்வது விவேகம்.

“ஜி.பி.எஸ். இருக்கும் காலத்தில் இந்தச் சிரமமெல்லாம் எதற்கு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜி.பி.எஸ். நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும், பாட்டரி உள்ள வரையில். ஆனால் எதிரே வரும் கப்பல் நம்மீது மோத வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை அது சொல்லாது. திசைகாட்டிக் கண்ணாடி சொல்லும். இதற்காகவே இதை வாங்கலாம் என்பது நமது கட்சி.

சரக்குக் கப்பல் ஒன்று 70 டிகிரியில் தெரிகிறது. இரண்டு நிமிஷம் கழித்துப் பார்க்கிறோம், 70. மீண்டும் பார்க்கிறோம், 70-தான், ஆனால் கப்பல் பெரிதாகியிருக்கிறது. இதற்கு ஒரே அர்த்தம்: நாமும் அதுவும் ஒரே இடத்துக்கு ஒரே சமயத்தில் போய்ச் சேரப் போகிறோம். எண் தெளிவாக மாறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் விலகிப்போகும். மிகப் பெரிய கப்பலாயிருந்தாலும், மிகச் சமீபத்தில் வந்துவிட்டாலும் எண் மாறுவதைக்கூட நம்பி இருந்துவிடக் கூடாது. 1972-ம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் 10 கிலோமீட்டரைச் சுமார் 22 நிமிஷத்தில் கடந்துவிடும். அதன் மேல்தட்டில் இருப்பவர்கள் நமது சிறு படகைப் பார்த்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்துச் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

நம் ஊருக்கு ஏற்ற ஊசி

வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. காந்த ஊசி வடக்கை மட்டும் நோக்குவதில்லை, பூமிக்குள்ளும் சாய்கிறது. லண்டனில் இந்தச் சாய்வு அறுபது டிகிரிக்கு மேல். காந்தப் பூமத்தியரேகையிலோ சாய்வே இல்லை. அந்த ரேகை நமது நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் திருவனந்தபுரத்துக்கு அருகேயுள்ள தும்பாவில் ராக்கெட் நிலையம் அமைத்ததற்கு அதுவே காரணம். கடலூரும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

ஐரோப்பாவில் விற்பதற்காகச் செய்த திசைகாட்டியில், அங்குள்ள சாய்வை ஈடுகட்டுவதற்காகத் தகட்டின் ஒரு பக்கத்தைக் கனப்படுத்தியிருப்பார்கள். அந்தக் கருவியைக் கடலூருக்குக் கொண்டுவந்தால், ஈடுகட்ட வேண்டிய சாய்வு இங்கே இல்லாமையால் தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடியில் உராயும். எண் சிக்கிக்கொண்டு நிற்கும். எனவே உற்பத்தி செய்பவர்கள் பலர் உலகத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்குத் தக்கபடி தகட்டைச் சமன் செய்கிறார்கள். எல்லா மண்டலத்திலும் வேலை செய்யும் திசைகாட்டிகளும் உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலமாகத் தருவிக்கும் நண்பர்கள், “இது எந்த மண்டலத்துக்குச் சமன் செய்தது?” என்ற ஒரு கேள்வியை மறவாமல் கேட்கச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்தால் கவலை சற்றுக் குறைவு. லண்டனில் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் நமது கரையில் ஒன்று அல்லது இரண்டு டிகிரிதான். அது ஒரு சௌகரியம். படகிலுள்ள இரும்பினால் உண்டாகும் வித்தியாசம் அதைவிடப் பன்மடங்கு அதிகமாகலாம். இயந்திரம், நங்கூரம், ஒலிபெருக்கி, சட்டைப் பையிலுள்ள கைப்பேசி, சாவிக்கொத்து, எஃகுச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி ஆகிய சகலமும் ஊசியை இழுக்கும். தங்கச் சங்கிலியால் பாதகமில்லை என்பதை வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

கோடுகளின் கணக்கு

காட்சியின் நடுவே சிறு கோடுகள் ஏணிப் படிகள்போல் தெரியும். இவற்றுக்கு மில் என்று பெயர். ஒரு மில் என்பது 1,000 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் அளவு. பொருளின் உயரத்தையோ நீளத்தையோ மீட்டரில் எடுத்து, 1,000-ஆல் பெருக்கி, அது அடைக்கும் மில் எண்ணிக்கையால் வகுத்தால் தூரம் கிடைக்கும். பக்கவாட்டில் தெரியும் 10 மீட்டர் நீளப் படகு 5 மில் அடைத்தால், அது 2,000 மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

இதே கணக்கைச் சிதம்பரம் கோபுரத்துக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று மாணவர்கள் உற்சாகமாகக் கிளம்புவார்கள். கரைக்கு வெளியே 7 கிலோமீட்டரில் இருந்தால், கோபுரம் 20 கிலோமீட்டர் தூரம். 40 மீட்டர்க் கோபுரம் 2 மில் அடைக்க வேண்டும். ஆனால் பூமியின் வளைவில் அடிப்பாகம் 16 மீட்டர் மறைந்துபோகும், மிச்சம் 24 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியும், அது 1.2 மில் அடைக்கும். இது தெரியாமல் 40-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் தூரம் 33 கிலோமீட்டர் என்று வரும்! கணக்கு சரி, விடை தப்பு. அடியும் நுனியும் இரண்டுமே தெரிகிற பொருளுக்குத்தான் இந்தக் கோடுகளை உபயோகிக்க வேண்டும்.

கடையில் செய்யவேண்டிய பரீட்சை

ஜெர்மனியின் ஷ்டைனர், ஜப்பானின் நிக்கான், ஃபூஜினான், அமெரிக்காவின் புஷ்னெல் முதலிய பெயர்களில் திசைகாட்டி வைத்த 7×50 கண்ணாடிகள் வந்திருக்கின்றன. விலை சில ஆயிரங்களிலிருந்து லட்சத்துக்கு மேலும் போகிறது. நமது நாட்டில் தேராதூனில் 1943-ல் ஏற்பட்ட தளவாடத் தொழிற்சாலை ராணுவத்துக்காகப் பைனாகுலர்கள் செய்து வந்திருக்கிறது. இந்தியக் கடற்படங்களை வெளியிடும் நீரளவை அலுவலகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. கடலே தெரியாத மலையடிவாரத்து ஊரில் கடலுக்கு வேண்டிய இவ்விரண்டும் அமைந்திருப்பது ஒரு வேடிக்கை. எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் கீழ்க்கண்ட பரீட்சைகளை நடத்தாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

முதலாவது, ஒளிப் பரீட்சை. கண்ணாடியைக் கைக்கெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், கண்வைக்கும் பக்கத்தில் ஒளிவட்டம் தெரியும். அது பூரண வட்டமாக இருந்தால் உள்ளே பேக்-4 என்னும் உயர்ந்த கண்ணாடியில் செய்த பிரிஸங்கள் இருப்பதாகக் கொள்ளலாம். ஓரம் மங்கிச் சதுரம்போல் தெரிந்தால், மலிவான பி.கே.-7 ரகமாக இருக்கக்கூடும். கண்ணாடிகளின் எல்லா முகங்களிலும் பல அடுக்குப் பூச்சு பூசியிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பூச்சில்லாத ஒவ்வொரு முகமும் நூற்றுக்கு நாலு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பத்து முகங்களைக் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமற் போகிறது. 1935-ல் ஜெர்மனியில் ஸ்மகுலா என்பவர் கண்டுபிடித்த பூச்சு முறைதான் இந்த நஷ்டத்தைத் தீர்க்க வழி காட்டிற்று.

இரண்டாவது, திசைப் பரீட்சை. கடைக்குள் இரும்பு அலமாரிகள் சூழ்ந்திருக்கும். அங்கே பரீட்சித்துப் பயனில்லை. வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். எண்கள் தடங்கலின்றி ஓட வேண்டும்; தகடு மட்டமாக மிதக்க வேண்டும்; குமிழி எதுவும் தெரியக்கூடாது.

மூன்றாவது, ஜலப் பரீட்சை. இதைக் கடைக்காரர் அனுமதிக்க மாட்டார். ஆகையால் குறிப்புப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பியிருந்தால் உட்புறத்தில் ஆவி படியாது. ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் ஜலத்தைத் தாங்கும். ஆனால் ஜலத்தைத் தாங்குவது வேறு, ஜலத்தில் மிதப்பது வேறு. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கண்ணாடி கைதவறினால் பத்திரமாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மிதக்கும் வார் ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டும்.

நாலாவது, குடும்பப் பரீட்சை. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் அதைக் கழற்றாமலே முழுக் காட்சியையும் பார்க்க முடிய வேண்டும். அதற்குக் கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே பதினைந்து மில்லிமீட்டராவது இடம் வேண்டும். சிறு பிள்ளைகளின் கண்களுக்கு இடையே தூரம் குறைவு. குழல்கள் அவ்வளவு நெருங்கி மடங்குமா என்று அவர்களையே பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிச்சாவரத்துக்கு வேறு கண்ணாடி

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவேயுள்ள பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் போகிறவர்கள் மேலே சொன்ன கனத்த கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருந்த வேண்டாம். அங்கே கால்வாய்கள் குறுகியவை. பார்க்கும் பொருளெல்லாம் சமீபத்தில் இருக்கிறது. கடற்கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே ஒருமுறை சரிசெய்துவிட்டால், தூரத்துப் பொருளெல்லாம் தெளிவாகவே இருக்கும். மீண்டும் திருக வேண்டியதில்லை. கடலில் அது பெரிய சௌகரியம். ஆனால் பத்து மீட்டரில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியைப் பார்ப்பதற்குள் இரு பக்கமும் திருகிக்கொண்டிருந்தால், மீன்கொத்தி மீனைக் கொத்திக்கொண்டு போய்விடும். நடுவே ஒரே திருகு உள்ள 8×42 அல்லது 8×32 கண்ணாடி இலேசானது, விலையும் குறைவு, காட்டுக்கு அதுவே தகுதி.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமும் இந்தக் காட்டில் வளருகிறது. அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குப் பெருந்தீங்கு. கிளையை ஒடித்த கையால் கண்ணையும் தொடலாகாது, கண்ணாடியின் கண்வில்லையையும் தொடலாகாது.

கண்ணாடி காட்டாத சமாசாரம்

எவ்வளவு நல்ல கருவியானாலும் அதற்கு எட்டாத சமாசாரங்கள் உண்டு. 1783-ம் ஆண்டு ஜூன் 20-ம் தேதி கடலூருக்கு வெளியே ஆங்கிலேயருடைய 18 போர்க்கப்பல்களும் பிரெஞ்சுக்காரருடைய 15 போர்க்கப்பல்களும் பீரங்கிப் போர் நடத்தின. இரு பக்கத்திலும் தளபதிகள் தூரதரிசினிக் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு எதிரியின் பாய்மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவிலோ அவ்வருஷம் ஜனவரி 20-ம் தேதியே சமாதானத்துக்கு முதற் கையெழுத்துப் போட்டாகிவிட்டது! செய்தி வந்து சேர்ந்தது சண்டை முடிந்த பிறகு. ஐந்து மாதத்துக்கு முன் முடிந்துபோன விரோதத்துக்காக நமது கடலில் மனிதர்கள் மாண்டார்கள்.

இன்று செய்தி அவ்வளவு தாமதமாக வருவதில்லை. கேட்கத்தான் மனம் வேண்டும். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, நமது ஜில்லாவின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கும்போது, “நம்மிடம் நல்ல கண்ணாடி இருக்கிறதே” என்று படகைத் தள்ளுவது அசட்டுத் துணிச்சல். வானிலை அறிக்கை, உயிர்காக்கும் மேலங்கி, குடிநீர் ஆகிய மூன்றுக்கும் பிறகு நாலாவதாகத்தான் கண்ணாடி வர வேண்டும்.

வாங்கியபின் செய்யவேண்டியவை

கடலிலிருந்து வந்ததும் கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். உலர்ந்த உப்பு மணல்போலத் தேய்த்துப் பூச்சைக் கெடுத்துவிடும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நமது ஊர் ஈரக்காற்றில் கண்ணாடியில் பூஞ்சைக் காளான் பற்றும். தோலுறைக்குள் பூட்டி வைப்பதைவிட, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது மேல். காலையில் கடலின் மேல் சூரியன் உதயமாகும் அழகைக் கண்ணாடி வழியே பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அதற்கு மட்டும் எக்காரணத்தை முன்னிட்டும் இடம் கொடுக்கக் கூடாது. ஒரு கணத்தில் கண் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பழக்கம் வேண்டும். படகில் ஏறுவதற்கு முன் ஒரு மாத காலம் கரையிலேயே பழகலாம். தேவனாம்பட்டினத்து மணலில் ஓரிடத்தில் நின்று, கலங்கரை விளக்கத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் கோயில் விமானத்தையும் பார்த்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து படத்தில் கோடு இழுத்து, கோடுகள் நின்ற இடத்தில் வந்து சேருகின்றனவா என்று பாருங்கள். முதல் நாள் கோடுகள் ஊருக்கு நடுவில் போய்ச் சந்திக்கும். பத்தாம் நாள் மணலுக்கு வரும். நாங்கள் அறிந்த மாணவர்களுக்கு இதைவிடச் சுவையான க்ஷேத்திரகணிதப் பாடம் கிடையாது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. படகில் போகும் ஒவ்வொருவருக்கும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், எண்ணைப் படித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சுக்கானைப் பிடித்திருப்பவருக்குத் திடீரென்று உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால், கண்ணாடியை எடுத்து, “விளக்கு 290-ல் இருக்கிறது” என்று சொல்லக்கூடிய பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி படகில் இருப்பது, லட்ச ரூபாய்க் கண்ணாடியைவிடப் பெரிய சொத்து.